பெப்டைட் ஊசியா, சைக்கிளா? பார்க்கின்சன் வந்த வீட்டில் காசை எங்கே போடுவது

பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்ன கொஞ்ச நாளிலேயே எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான் கிளம்பும். மாத்திரை நடுக்கத்தை அடக்குகிறது, சரி, ஆனால் உள்ளே மூளை அணுக்கள் செத்துக்கொண்டே இருக்கின்றனவே, அதை நிறுத்த ஒன்றும் இல்லையா? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் விற்பவர்களுக்கும் கோலாலம்பூரில் பஞ்சமில்லை. ஒருவர் 'மூளை பெப்டைட்' ட்ரிப் என்கிறார், இன்னொருவர் உடம்பு இளைக்கப் போடும் பேனா ஊசிதான் இப்போது பார்க்கின்சனுக்கும் மருந்து என்கிறார், டெலிகிராமில் ஒருவர் சின்னச் சின்னக் குப்பிகளை ஐஸ் பையில் வைத்துத் தபாலில் அனுப்புகிறார்.

எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவுக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன், "மாசம் ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட் நான் போடுறேன், மூளையக் காப்பாத்துற மாதிரி நல்லதா ஒன்னு பாரு தம்பி" என்று சொல்லிவிட்டார். பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் டாக்டர் இல்லை, அதனால் யாருடைய மருந்தையும் இதைப் படித்துவிட்டு மாற்ற வேண்டாம். என் முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில் பெப்டைடுக்குக் கைக்காசு போடத் தேவையில்லை, ஒரே ஒரு வகை நோயாளியைத் தவிர. அது யார் என்பது கீழே வரும்.

முதலில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் இது முழுக்க ஏமாற்று வேலை இல்லை. பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் சில கோத்த குட்டிச் சங்கிலி, நீளமாகப் போனால் அதையே புரதம் என்கிறோம். மூளையும் குடலும் இப்படிப்பட்ட சங்கிலிகளைத் தாமாகவே நிறையச் செய்கின்றன. பார்க்கின்சனில் அடிபடுவது நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில் டோபமின் செய்யும் நரம்பணுக்கள். இவை பாவம், மற்ற அணுக்களைவிட அதிகம் உழைப்பவை. ஒவ்வொன்றும் ஏராளமான கிளைகளை விரித்து, யாரும் தூண்டாமலே இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறினால் முதலில் விழுபவையும் இவைதான். கூடவே ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் உருண்டு திரண்டு அடைத்துக்கொள்கிறது, மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியா கோபப்பட்டு அழற்சியைக் கிளப்புகின்றன. கை நடுங்கத் தொடங்கும் நாளில் இந்த அணுக்களில் கிட்டத்தட்டப் பாதியோ அதற்கு மேலோ ஏற்கெனவே போயிருக்கும்.

இங்கேதான் பெப்டைட் நுழைகிறது. 1989இல் ஆட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த பேகேப் என்பதில் 38 அமினோ அமிலங்கள். 1999இல் வயிற்றில் கண்டுபிடித்த கிரெலின், நமக்குப் பசியைக் கிளப்பும் அதே ஆள், 28 அமினோ அமிலங்கள். இவை நரம்பணுவின் மேல்தோலில் தமக்கான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி., ஏ.கே.டி. என்று சங்கிலித்தொடராகச் சமிக்ஞை போகும், அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு அடங்கும், மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் நிமிரும், மைக்ரோகிளியாவின் கோபம் தணியும். ஆய்வுக்கூட எலியிடம் இதெல்லாம் அழகாக நடக்கிறது.

ஆனால் அந்த எலிக்குப் பார்க்கின்சன் எப்படி வந்தது என்று விற்பவர்கள் யாரும் தங்கள் பிரசுரத்தில் போடுவதில்லை. நஞ்சு கொடுத்து வரவழைத்தது. எம்.பி.டி.பி. என்ற நஞ்சு 1982இல் கலிபோர்னியாவில் வெளிச்சத்துக்கு வந்தது: கள்ளத்தனமாகச் செய்த போதை மருந்தில் அது கலந்திருக்க, போட்டுக்கொண்ட இளைஞர்கள் திடீரென்று முற்றிய பார்க்கின்சன் நோயாளிபோல் உறைந்துபோனார்கள். அதிலிருந்து ஆய்வுக்கூடங்கள் அதே நஞ்சைக் கொடுத்து நோயை உண்டாக்குகின்றன. சில நாட்களில் அணுக்கள் செத்துவிடும், பெரும்பாலும் நஞ்சுக்கு முன்னாலோ கூடவோ பெப்டைடையும் கொடுத்து, 'பாதுகாத்தது' என்று எழுதுவார்கள். பெரியப்பாவுக்கோ இது பத்துப் பதினைந்து வருடமாக மெல்ல மெல்ல வந்தது. மலச்சிக்கலும், வாசனை தெரியாமல் போனதும், தூக்கத்தில் கை கால் உதறி பெரியம்மாவை எழுப்பியதும் எல்லாம் அதன் முன்னுரை என்று இப்போதுதான் புரிகிறது. இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டு பணம் கட்டுவதில்தான் வம்பு.

இன்னொரு தடை, போய்ச் சேருவது. வாயால் விழுங்கினால் வயிறு பெப்டைடைச் சாதாரணப் புரதம்போலவே அரைத்துவிடும். ஊசியாகப் போட்டால் இரத்தத்தில் உள்ள நொதிகள் வெட்டிவிடும், சிலவற்றுக்கு ஆயுளே ஒன்றிரண்டு நிமிடம்தான். அதையும் தாண்டினால் மூளைக்குள் விடாத இரத்த-மூளைத் தடுப்பு. நம் கொண்டோ வாசலில் ஸ்டிக்கர் இல்லாத காருக்குக் காவலாளி கம்பத்தைத் தூக்க மாட்டார், எவ்வளவு பெரிய கார் என்பது அவருக்கு முக்கியமே இல்லை. கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இந்த மூன்று தடையையும் மனதில் வையுங்கள்.

சரி, முதலில் உண்மையிலேயே பேசத் தகுந்தது: ஜி.எல்.பி.-1 வகை. இது குடலிலும் மூளைத்தண்டிலும் சுரக்கும் 30 அமினோ அமிலச் சங்கிலி, சர்க்கரை நோய்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஓசெம்பிக் போன்றவற்றின் மூலம். இயற்கையான ஜி.எல்.பி.-1 இரண்டு நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற அமெரிக்க டாக்டர், கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், ஆனால் சீக்கிரம் உடையாத 39 அமினோ அமிலப் பெப்டைடைக் கண்டுபிடித்தார். அதன் செயற்கை வடிவம்தான் எக்சனடைட், அமெரிக்காவில் 2005இல் சர்க்கரை மருந்தாக அனுமதி பெற்றது. இவ்வகை மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருவதைப் பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளில் கவனித்தார்கள். காரணம் இதுதான் என்று அது நிரூபிக்காது, ஆனாலும் ஆய்வைத் தொடர அது போதும்.

லண்டனில் 62 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை 2017இல் வந்தது. பாதிப் பேருக்கு வாரம் ஒரு எக்சனடைட் ஊசி, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி, 48 வாரம். பிறகு 12 வாரம் மருந்தே இல்லாமல் விட்டு அளந்தார்கள். அசைவைப் பரிசோதிக்கும் 132 புள்ளி அளவுகோலில் (புள்ளி கூடினால் நிலை மோசம்) மருந்துக் குழுவுக்குச் சாதகமாக 3.5 புள்ளி வித்தியாசம். மருந்தை நிறுத்திய பிறகும் வித்தியாசம் நின்றதால் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2024 ஏப்ரலில் பிரான்சிலிருந்து லிக்சிசனடைட் என்ற அண்ணன் தம்பி மருந்தின் முடிவு: 156 பேர், எல்லோரும் நோய் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் இருப்பவர்கள், தினம் ஓர் ஊசி, ஒரு வருடம். வெற்று ஊசிக் குழு சுமார் 3 புள்ளி மோசமானது, மருந்துக் குழு இருந்த இடத்திலேயே நின்றது. இதைப் பார்த்துத்தான் 'இளைக்கும் ஊசி பார்க்கின்சனை நிறுத்தும்' என்று வாட்சப்பில் சுற்றத் தொடங்கினார்கள்.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் அதற்கடுத்த வருடத்து முடிவை அனுப்பவில்லை. எக்சனடைட்டையே 194 பேருக்கு, 96 வாரம், பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்டச் சோதனை 2025இல் வெளிவந்தது. மருந்துக் குழு 5.7 புள்ளி மோசமானது, வெற்று ஊசிக் குழு 4.5. அதாவது பலன் இல்லை. எக்சனடைட்டை நீண்ட நாள் தங்கும்படி மாற்றிய என்.எல்.ஒய்.01 என்ற இன்னொன்றும் எலியில் பிரமாதமாக வேலை செய்துவிட்டு மனிதரிடம் ஒன்றும் காட்டவில்லை. ஆக, மூன்று மருந்தில் ஒன்று நிற்கிறது, அதுவும் ஒரு நாட்டில், ஒரு வருடம்.

அந்த ஒன்றுக்கும் விலை உண்டு. லிக்சிசனடைட் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குக் குமட்டல், 13 சதவீதம் பேருக்கு வாந்தி. இந்த வகை மருந்து பசியைக் கட்டும், எடையைக் குறைக்கும். பார்க்கின்சன் நோயாளி பலர் ஏற்கெனவே மெலிந்துகொண்டு வருபவர்கள், தொடைச்சதை போனால் நாற்காலியிலிருந்து எழுவதே போராட்டமாகிவிடும். பெரியப்பாவின் வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக் கட்டும் நிலை, அவருக்குப் பசியைக் கட்டும் ஊசி போடச் சொன்னால் பெரியம்மா துடைப்பத்தோடு வருவார்.

நான் சொன்ன அந்த ஒரு வகை விதிவிலக்கு இங்கேதான் இருக்கிறது. மலேசிய இந்தியர்களில் சர்க்கரை நோய் எவ்வளவு என்பது நமக்கே தெரியும், 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 31.4 சதவீதம். பார்க்கின்சன், சர்க்கரை இரண்டும் உள்ளவர், எடையும் கூடுதலாக உள்ளவர், சர்க்கரைக்கு அடுத்த மருந்து என்ன என்று டாக்டர் யோசிக்கும் கட்டத்தில் இருப்பவர், இவர்கள் டாக்டரிடம் ஜி.எல்.பி.-1 வகையைப் பற்றிக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. சர்க்கரைக்காக அது எப்படியும் உதவும், மூளைக்கு ஏதாவது செய்தால் அது போனஸ். இரண்டு டாக்டரும், சர்க்கரையைப் பார்ப்பவரும் நரம்பு டாக்டரும், ஒரே மருந்துப் பட்டியலைப் பார்த்துப் பேசினால்தான் இது சரிவரும். சர்க்கரை இல்லாதவர் மூளைக்காக மட்டும் இதை வாங்கிப் போடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அடுத்தது ஜி.டி.என்.எஃப். இதைப் பணம் கொடுத்து வாங்கவே முடியாது, ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'மூளை வளர்ச்சிக் காரணி' என்று ட்ரிப் விற்பவர்கள் எல்லோரும் இதன் பெயரைத்தான் காட்டுகிறார்கள். 1993இல் கண்டுபிடித்தது, 134 அமினோ அமிலங்கள், பெப்டைட் என்பதைவிடப் புரதம் என்பதே சரி. ஆய்வுக்கூடத்தில் டோபமின் அணுக்களுக்கு இதைப்போல் உரம் வேறில்லை. ஆனால் இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. அதனால் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் மண்டையோட்டில் துளை போட்டுக் குழாய் வைத்து நேராக மூளைக்குள்ளேயே செலுத்தினார்கள். 2003இல் ஐந்து பேருக்குச் செய்தபோது அற்புதம் என்றார்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்று வெற்று மருந்தோடு ஒப்பிட்டு 34 பேருக்குச் செய்தபோது பலன் நிரூபணமாகவில்லை, 2004இல் நிறுத்திவிட்டார்கள். மறுபடி பிரிஸ்டலில் 41 பேருக்கு, காதுக்குப் பின்னால் ஒரு சொருகுவாய் பொருத்தி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை செலுத்திப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். ஸ்கேனில் டோபமின் நரம்புகள் தெளிந்தது தெரிந்தது. ஆனால் நடையிலும் கையிலும் வெற்று மருந்துக் குழுவைத் தாண்டிய தெளிவான வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவுமே முன்னேறியிருந்தது!

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெற்று மருந்துக் குழுவும் முன்னேறியது. பார்க்கின்சனில் இது வெறும் மனப்பிரமை இல்லை. 2001இல் கனடாவில் ஸ்கேன் வைத்துக் காட்டினார்கள்: 'மருந்து வருகிறது' என்று நோயாளி எதிர்பார்த்தாலே அவர் மூளையில் டோபமின் சுரக்கிறது. எதிர்பார்ப்புக்குச் சுரக்கும் அதே பொருள்தான் இந்த நோயில் குறைவது. ஆகவே, "எங்க மாமா ட்ரிப் போட்டுட்டு வந்த அன்னைக்கே நல்லா நடந்தார்" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, மாமா உண்மையாகவே நடந்திருப்பார். எட்டு மாதம் கழித்து மாமா எப்படி நடக்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது அந்த ட்ரிப். செரிப்ரோலைசின் என்ற பெயரில் வருவது, பன்றியின் மூளையை நொதிகளால் உடைத்து எடுத்த சின்னப் பெப்டைட்களும் அமினோ அமிலங்களும் கலந்த திரவம். ஆஸ்திரிய நிறுவனம் ஒன்று செய்கிறது, சில நாடுகளில் பக்கவாதத்துக்கும் மறதி நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள், அமெரிக்காவில் அனுமதி இல்லை. அதிகம் ஆராய்ந்தது பக்கவாதத்தில்தான். அங்கேயே காக்ரேன் குழு எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, உயிரிழப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை, கடுமையான பக்கவிளைவுகள் சற்றுக் கூடலாம் என்று சொல்லியிருக்கிறது. பார்க்கின்சனில் நோய் போக்கை மெதுவாக்குகிறது என்று காட்டும் பெரிய, நம்பத்தகுந்த சோதனை எதுவும் கிடையாது. வலிப்பு உள்ளவர்களும் சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களும் இதைப் போடவே கூடாது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பன்றி என்பதை நம் ஆட்கள் சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் சைவக்காரர்களும், பினாங்கிலும் இங்கேயும் உள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் ஊசி ஏறும் முன் இதைத் தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர்கள். பிரசுரத்தில் 'இயற்கை நியூரோபெப்டைட்' என்று மட்டும்தான் இருந்தது.

பிரசுரம் என்றேன் அல்லவா. நாங்கள் போன கிளினிக் பெயர் வேண்டாம். சோபா மெத்தென்று இருந்தது, பத்து ட்ரிப் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி, முன்பணம் கட்ட வேண்டும். குப்பியின் பதிவு எண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மிஸ்ஸி உள்ளே போய் வந்து, "குப்பி ட்ரிப் அன்னைக்குத்தான் அங்கிள் வரும்" என்றார். எந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள் என்று கேட்டதற்கு எலி மூளைப் படம் ஒன்றைக் காட்டினார். பெரியப்பா அதுவரை பேசாமல் இருந்தவர், "எலி நல்லாத்தான் இருக்கு" என்றார். கிளம்பிவிட்டோம்.

அந்தப் பதிவு எண் விஷயம் எல்லோருக்கும் பயன்படும். மலேசியாவில் சட்டப்படி விற்கும் மருந்து, பாரம்பரிய மருந்து, சத்து மாத்திரை எல்லாவற்றின் பெட்டியிலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும், கூடவே பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர். எண்ணுக்குப் பின்னால் வரும் முதல் எழுத்து முக்கியம்: ஏ (A) என்றால் டாக்டரோ மருந்தாளரோ வழியாகத் தர வேண்டிய கட்டுப்பாட்டு மருந்து, டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, என் (N) என்றால் சத்துணவு வகை. மருந்துகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தட்டினால் பொருளின் பெயரும் உரிமையாளர் பெயரும் வரும். கையில் உள்ள பெட்டியோடு அது பொருந்த வேண்டும். 'சத்துணவு' என்று பதிவான ஒன்று பார்க்கின்சனைக் குணப்படுத்தும் என்று பேசினால் அங்கேயே கதை முடிந்தது.

டெலிகிராம் குப்பிகளுக்கு அதிக நேரம் வேண்டாம். பி.பி.சி.-157, செமேக்ஸ் என்று வருபவை. செமேக்ஸ் ரஷ்யாவில் உருவான ஏழு அமினோ அமில மூக்குச் சொட்டு, பி.பி.சி.-157 விளையாட்டு வீரர்களுக்கு உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு தடைசெய்தது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்த எந்த ஆதாரமும் இவற்றுக்கு இல்லை, குப்பியிலேயே பெரும்பாலும் 'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று ஒட்டியிருக்கும். அதைக் கலக்கித் தாத்தாவின் வயிற்றில் குத்துவது யார்? வேண்டாம். கொலாஜன், மூளை பெப்டைட் மாத்திரை என்று விழுங்கும் வகைகள் வயிற்றில் அரைபட்டு வெறும் அமினோ அமிலமாகிவிடும், அதற்கு இரண்டு முட்டை போதும்.

எட்டே அமினோ அமிலம் கொண்ட டாவுனடைட் என்று ஒன்று இருந்தது, மூளையின் சொந்தக் காப்புப் புரதம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்தது, மூக்கில் அடிப்பது. பார்க்கின்சன் மாதிரியே தோன்றும் பி.எஸ்.பி. என்ற நோயுள்ள 313 பேரிடம் நேர்மையாகச் சோதித்து, பலன் இல்லை என்று 2014இல் நேர்மையாகவே வெளியிட்டார்கள். விற்பனைக் கூட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம் தட்டில் வைக்க வேண்டியது, அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை. மாடோபார், சினெமெட் என்று வரும், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா, 1960களின் கடைசியிலிருந்து இருப்பது, இன்றும் இதைத் தாண்டி எதுவும் வரவில்லை. குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட், மருந்தும் அதற்குள். 'இது மூளையைக் கெடுக்கும், எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ போடு' என்று நம் ஆட்களிடம் ஒரு பயம் பரவிக் கிடக்கிறது. நெதர்லாந்தில் 445 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே, மறுபாதிக்கு 40 வாரம் கழித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 80வது வாரத்தில் இரண்டு குழுவும் சமம், 2019இல் வந்த முடிவு. லெவோடோபா அணுக்களைக் காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. அப்படியென்றால் அந்த 40 வாரம் சட்டை பட்டன் போட முடியாமல் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

மாத்திரையைச் சரியாக எடுப்பதே பல வீடுகளில் நடக்காத வேலை. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம், அதனால் சாப்பாட்டிலுள்ள புரதத்தோடு குடலிலும் மூளைத் தடுப்பிலும் ஒரே வாசலுக்கு முண்டியடிக்கும். பெரியப்பா காலை மாத்திரையை மாமாக் கடையில் ரொட்டி சானாய், பருப்பு, தே தாரிக்கோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார், பத்து மணி வரை கால் ஒட்டிக்கொண்டே இருக்கும். மருந்தகத்தில் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே வெறும் தண்ணீரில் எடுக்க வைத்ததும் கடைக்கு நடந்தே போகத் தொடங்கினார். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்க்கக் கூடாது. இதற்குச் செலவு பூஜ்யம்.

பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றியும் கேட்பீர்கள், பிரிக்பீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். அதில் உண்மையான லெவோடோபா இருக்கிறது, தாமோதரன், ராமசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 1937இலேயே பிரித்தெடுத்துக் காட்டியது. அதனாலேயே ஆபத்து: ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும், மாடோபாரோடு சேர்ந்தால் இரட்டிப்பாகி உடம்பு முறுக்கும், வாந்தி வரும். லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் காக்க மாத்திரையில் உள்ள துணைமருந்து பொடியில் கிடையாது. எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கடைசியாக சைக்கிள். சிரிக்காதீர்கள். நெதர்லாந்தில் 130 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டில் வைக்கும் உடற்பயிற்சி சைக்கிள், வாரம் மூன்று தடவை, 30 முதல் 45 நிமிடம், ஆறு மாதம். மற்றக் குழு கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தது. அதே 132 புள்ளி அளவுகோலில், மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் அளந்தபோது 4.2 புள்ளி வித்தியாசம். அமெரிக்காவில் 128 பேரைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை டிரெட்மில்லில் இதயத்துடிப்பு அதன் உச்ச அளவில் 80 முதல் 85 சதவீதத்தைத் தொடும் வரை ஓட்டிய சோதனையில் ஆறு மாதத்தில் அந்தக் குழு 0.3 புள்ளிதான் மோசமானது, சும்மா இருந்தவர்கள் 3.2. லிக்சிசனடைட் ஒரு வருடம் ஊசி போட்டு வாங்கிய 3 புள்ளியை இங்கே பக்கத்தில் வையுங்கள். வெவ்வேறு சோதனைகளை இப்படி நேருக்கு நேர் ஒப்பிடுவது கறாரான அறிவியல் இல்லை, அது எனக்கும் தெரியும். உடற்பயிற்சி அணுக்களைக் காப்பாற்றுகிறதா, உள்ளதை நன்றாக ஓட்டுகிறதா என்பதும் முடிவாகவில்லை. ஆனால் வாந்தி எடுக்க வைக்கும் 3 புள்ளிக்குக் கொடுக்கும் மரியாதையைக் குமட்டல் இல்லாத 4 புள்ளிக்கும் கொடுக்கலாம் என்பதுதான் என் வாதம். அதோடு, வியர்க்கும்படி உழைத்தால் மூளை பி.டி.என்.எஃப். என்ற தன் சொந்த வளர்ச்சிக் காரணியைக் கூட்டிக்கொள்கிறது, அதற்குத் தடுப்பைத் தாண்டும் தலைவலியே இல்லை, உள்ளேயே செய்து உள்ளேயே பயன்படுகிறது.

'வியர்க்கும்படி' என்பதுதான் இதில் உயிர். தித்திவங்சா ஏரியைச் சுற்றிக் கதை பேசிக்கொண்டே நடப்பது மனதுக்கு நல்லது, இந்தக் கணக்கில் வராது. மூச்சு வாங்க வேண்டும், பேசினால் வாக்கியம் உடைய வேண்டும். இதய நோய் இருப்பவர் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும், எழுந்தால் தலை சுற்றும் ஆள் என்றால் பிசியோ பக்கத்தில் இருக்க வேண்டும். விழும் பயம் உள்ளவருக்கு டிரெட்மில்லைவிட உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பாதுகாப்பு. கோலாலம்பூர் வெயிலையும் நாலு மணி மழையையும் பார்த்தால் வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் மிதிப்பதுதான் நடக்கிற காரியம். ஹேப்பி கார்டனில் மலேசிய பார்க்கின்சன் சங்கம் இருக்கிறது, 1994இல் தொடங்கியது, அதே நோயுள்ள மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்யும்போது வீட்டில் முரண்டு பிடிக்கும் ஆட்கள்கூட அடங்கிச் செய்கிறார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம், அதாவது பெரியப்பா மகனிடம், இதையெல்லாம் போனில் சொன்னபோது முதலில் கோபம். "நான் என்ன சைக்கிள் வாங்கவா காசு அனுப்புறேன்?" என்றார். கணக்கு இப்படி முடிந்தது: பழைய சைக்கிள் ஒன்று ஒரு தடவைச் செலவு. மாதப் பணத்தில் பெரும் பகுதி, பார்க்கின்சன் தெரிந்த பிசியோ வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு. ஒரு பகுதி, குரல் தேய்வதற்குப் பேச்சுப் பயிற்சி. குளியலறையில் கைப்பிடி. மிச்சம் சேரட்டும், ஏனென்றால் இந்த நோய் நீண்ட ஓட்டம், பிறகு மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை பற்றி டாக்டர் பேசினாலும் பேசலாம். ட்ரிப்பே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன செய்திருப்பேன்? தெரிந்த நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்து, எம்.ஏ.எல். எண் பொருந்தி, சிறுநீரக இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் தடுத்திருக்க மாட்டேன், ஆனால் பத்து ட்ரிப்புக்கு முன்பணம் கட்ட விட்டிருக்க மாட்டேன்.

புது பெப்டைட் எதையாவது முயற்சி செய்தே ஆக வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாருக்காவது துடிப்பு இருந்தால் அதற்கும் நேரான வழி இருக்கிறது: முறையான மருத்துவச் சோதனையில் சேர்வது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பார்க்கின்சன் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள், ஜி.டி.என்.எஃப். மரபணுவை வைரஸ் மூலம் மூளைக்குள் அனுப்பும் சோதனைகள் வெளிநாட்டில் நடந்துகொண்டிருக்கின்றன. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் டாக்டரிடம் 'எங்களுக்குப் பொருந்தும் சோதனை ஏதாவது உண்டா' என்று கேளுங்கள். அசலா போலியா என்று பிரிக்க மூன்று கேள்வி போதும்: வெற்று மருந்துக் குழு இருக்கிறதா, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, மருந்துக்கு நான் காசு கட்ட வேண்டுமா. மூன்றாவதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை.